இறங்கு என்ற கட்டளை

அறிவழகன் திங்கட்கிழமை ஓசூரில் புது வேலையில் சேர வேண்டும். அதற்கு முன்னால் மந்தாரக்குப்பத்தில் ஒரு பழைய ப்ரோகிராமை நிறுத்த வேண்டும். முதலாவது பெரிய காரியம், இரண்டாவது கைச்சொடக்கில் முடிகிற காரியம் என்று கணக்குப் போட்டிருந்தான். இன்ஜினீயரிங் கடைசி வருஷம் வரை கணக்கில் அரியர் வைத்திருந்தவன் போட்ட கணக்கு.

அவன் இருந்தது துரைராஜ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்ற கம்பெனியில். கம்பெனி என்றால் ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் ஒரு அறை, அதை ஒட்டி இன்னொரு அறை. ஊரை ஒட்டிய பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தைச் சுற்றி, கம்மாபுரம் வரைக்கும், ஊர் ஓரங்களில் குழாய் இறக்கி ஒவ்வொன்றிலும் ஒரு மீட்டரைத் தொங்கவிட்டிருந்தார்கள். பூமிக்கடியில் தண்ணீர் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று மீட்டர் சொல்லும். மாடி அறைக் கம்ப்யூட்டர் அதைக் கேட்டு எழுதிக்கொள்ளும். மட்டம் தாறுமாறாக ஏறினால் கூச்சல் போடும். அறிவழகன் வந்த நாளிலிருந்து அது ஒரு தடவைகூடக் கூச்சல் போட்டதில்லை. அவனும் ஒரு தடவைகூட அதன் முகத்தை உற்றுப் பார்த்ததில்லை.

முன்பு அந்த அறையில் மூன்று ஷிப்டுக்கும் ஆள் உட்கார்ந்திருந்தார்களாம். கலியமூர்த்தி என்ற இன்ஜினீயர்தான் மீட்டர்களைக் கம்ப்யூட்டரில் கோத்தவர். கடையில் விற்கிற மொழிகள் எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. தனக்கென்று ஒரு மொழியைச் செய்து, அதற்கு 'ஷிப்ட்' என்று பேரும் வைத்து, அதிலேயே ப்ரோகிராமை எழுதினார். பிறகு ஒரு நாள் அதே அறையில், அதே நாற்காலியில், மாரடைப்பில் போய்விட்டார். அதற்கப்புறம் முதலாளி துரைராஜ் அந்த நாற்காலிக்கு ஆளே போடவில்லை. ப்ரோகிராம்தான் பார்த்துக்கொள்கிறதே.

"புது பொட்டி வந்துடுச்சு. பழச நிறுத்திட்டு, மீட்டருங்கள புதுசுல கோத்து வுட்டுட்டு, ரிலீவிங் ஆர்டர வாங்கிக்கினு கெளம்பு" என்றார் துரைராஜ். "அது இல்லாம ஓசூர்ல கேட்டுக்குள்ளயே வுடமாட்டான்."

"அந்த மொழி எனக்குத் தெரியாது சார்."

"மொழி என்னாய்யா மொழி. ஸ்டாப்புன்னு ஒண்ணு இருக்கும். அத அமுக்கு."

ஸ்டாப் என்று ஒன்று இல்லை. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி நின்றுகொண்டிருந்தது. பணியில்: கலியமூர்த்தி. அதன் கீழே மீட்டர் அளவுகள் ஓடின. அறிவழகன் 'நிறுத்து' என்று அடித்தான். அப்படி ஒரு கட்டளை இல்லை என்றது. 'முடி' என்றான், 'வெளியேறு' என்றான், 'போதும்' என்றான், கடைசியில் 'ஐயா சாமி' என்றும் அடித்துப் பார்த்தான். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்.

மொழி தெரியாவிட்டால் அதன் இலக்கணத்தைத் தேடிப் படிப்பதுதான் முறை. இணையத்தில் தேடினான். 'ஷிப்ட்' என்று போட்டால் விசைப்பலகையின் ஓரத்தில் இருக்கும் விசையைப் பற்றி உலகமே பேசியது. சேர்த்து 'மொழி' என்று போட்டால் மனைவியிடம் மென்மையாகப் பேசுவது எப்படி என்று ஒருவர் வீடியோ போட்டிருந்தார். கல்யாணம் ஆகாதவன் அதையும் பாதிவரை பார்த்தான். செயற்கை நுண்ணறிவிடம் கேட்டான். அது துளியும் தயங்காமல் மூன்று உதாரணம் கொடுத்தது. மூன்றும் தப்பு. தப்பு என்று சொன்னதும் மனமுருகி மன்னிப்புக் கேட்டுவிட்டு வேறு மூன்று தப்புகளைக் கொடுத்தது. கம்ப்யூட்டருக்குள் இருந்த ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். விளக்கம் என்று ஒரு வரி இல்லை.

சரி என்று ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுச் சாப்பிடப் போனான். மின்சாரத்தையே செய்து ஊருக்கெல்லாம் அனுப்புகிற ஊரில், ப்ளக்கைப் பிடுங்குவதைவிட உறுதியான கட்டளை வேறு எது? திரும்பி வந்து புதுப் பெட்டியை ஓடவிட்டான். மீட்டர் ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. ஒவ்வொரு மீட்டரும் யார் பணியில் இருக்கிறாரோ அவருக்கு மட்டும் பதில் சொல்லும்படி பூட்டப்பட்டிருந்தது. பழையது முறைப்படி விடுவித்தால்தான் பூட்டுத் திறக்கும்.

எனவே ப்ளக்கைத் திரும்பச் செருகினான். பணியில்: கலியமூர்த்தி. அளவுகள் ஓடின. அவன் சாப்பிடப் போயிருந்த நேரத்து அளவுகளும் அதில் இருந்தன. கம்ப்யூட்டர் செத்துக் கிடந்த நேரம் முழுக்க, ஒரு வரி விடாமல், வரிசையாக.

அறிவழகன் ப்ளக்கைப் பார்த்தான். தன் கையைப் பார்த்தான். வெளியே மே மாத வெயில் தார்ச்சாலையை உருக்கிக்கொண்டிருந்தது. அந்த வெயிலில் அவனுக்கு முதுகு சில்லென்று இருந்தது. சாப்பிட்ட ஓட்டல் சரியில்லை என்று முடிவு செய்துகொண்டான். அவனுக்குத் தெரிந்த எல்லாச் சங்கடங்களுக்கும் அதுதான் காரணமாக இருந்து வந்திருக்கிறது.

கலியமூர்த்தியின் மனைவி காந்திமதி வடலூரில் தையல் கடை வைத்திருந்தாள். மறுநாள் சனிக்கிழமை காலையில் பஸ் பிடித்துப் போனான். ஜாக்கெட் ஒன்றுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தவள், அவன் இன்னார் என்று சொன்னதும் மெஷினை நிறுத்திவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"அண்ணன் ஒரு மொழி செஞ்சாராமே அக்கா. அத எப்படி எழுதறதுன்னு பேப்பரு, பொஸ்தகம் ஏதாச்சும் வெச்சிருக்காரா?"

"மொழியா?" காந்திமதி சிரித்தாள். "என்கிட்ட தமிழ்லயே அளந்து அளந்துதான் தம்பி பேசுவாரு. எழுதி வைக்கிற பழக்கமெல்லாம் கெடையாது. கேட்டா சொல்லுவாரு. கேக்கலன்னா அதுவும் கெடையாது."

"அப்ப ஒண்ணும் இல்லயா?"

"நீ கேட்டியா?"

"யாரக்கா?"

"அவரதான்."

ஒன்றும் புரியாத நேரங்களில் அறிவழகன் வழக்கமாகச் செய்வதைச் செய்தான், அதாவது தலையை ஆட்டினான். அவள் நூலைப் பல்லில் கடித்து அறுத்தாள்.

"அன்னைக்கு போன் பண்ணாரு. ரிலீவர் இன்னும் வரல, வந்ததும் கெளம்பறேன்னாரு. அவங்கப்பா மைன்ஸ்ல இருந்தவரு பாரு, அந்த வழக்கம். மாத்தி வுட வர்ற ஆளோட மொகத்தப் பாக்காம எடத்த வுட்டு எறங்கக் கூடாதாம். செத்து எடுத்துக்கினு வந்தாங்க. ஆனா எனக்கு அவரு வூட்டுக்கு வந்த மாதிரியே இல்ல தம்பி. என்னமோ ஓவர்டைம்ல இருக்கிற மாதிரியே இருக்கு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "எறங்கிட்டாரா?"

திரையில் நிற்கிற வரியை அவளிடம் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தான். போகும்போது, சட்டையில் ஒரு பட்டன் தொங்குவதைப் பார்த்து அவனை நிற்க வைத்தே தைத்துக் கொடுத்தாள்.

மத்தியானம் மாடி அறைக்கு வந்து உட்கார்ந்தான். கேட்டால் சொல்லுவார். சிரித்துக்கொண்டேதான், விளக்கம் கேட்கும் தோரணையில், 'உதவி இறங்கு' என்று அடித்தான். 'இறங்கு' என்ற சொல் அதுவரை அவனுக்குத் தோன்றியிருக்கவில்லை. காந்திமதி வாயிலிருந்து வந்ததுதான்.

திரை சற்று யோசித்தது. பிறகு எழுதியது.

இறங்கு: பணியை விடும் கட்டளை. மாற்றாள் நேரில் வந்த பிறகே செல்லும். எழுதும் முறை: இறங்கு, அதன் பின் மாற்றாள், அதன் பின் அவர் பெயர். எடுத்துக்காட்டு: இறங்கு மாற்றாள் இன்னார்.

ஒரு கணம் அவன் துள்ளிக் குதித்தான். அடுத்த கணம் உட்கார்ந்துவிட்டான். எட்டு வருஷமாக அவன் படித்த எந்த மொழியின் விளக்கமும் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. அதுதான் முதலில் பயமாக இருந்தது. அந்த வாசகம் எந்த ஃபைலில் இருக்கிறதென்று கம்ப்யூட்டர் முழுக்கத் தேடவிட்டான். எதிலும் இல்லை.

எதிலும் இல்லாதது எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால் ஓசூர் போய்ச் சேர முடியாது. கல்லூரியில் பாதி வகுப்புக்கு அவனுக்கு வேறு யாரோதான் 'ப்ரசன்ட்' சொன்னார்கள். அந்தக் கல்வி கை கொடுத்தது. கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் செல்வகுமாரின் பெயரைப் போட்டு, 'இறங்கு மாற்றாள் செல்வகுமார்' என்று அடித்தான்.

செல்வகுமார் வரவில்லை. ஆதார் கார்டை இரண்டு பக்கமும் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். கீழே செல்வகுமார் ஒரு பெரியவருக்கு ஆதார் கார்டைத் திருப்பி வைத்து மூடியை அழுத்திக்கொண்டிருந்தான். கம்ப்யூட்டரில் கேமரா கிடையாது. அது கேமரா வருவதற்கு முந்தைய காலத்துச் சரக்கு.

அறிவழகன் கதவை நன்றாகத் திறந்து வைத்தான். ஓடுவதென்றால் வழி வேண்டும். பிறகு தன் பெயரையே அடித்தான். இறங்கு மாற்றாள் அறிவழகன்.

அறிவழகன் வந்திருக்கிறார். ஆனால் இருக்க மாட்டார்.

ஓசூர் வேலையைப் பற்றி அந்தக் கம்ப்யூட்டரில் அவன் ஒரு எழுத்துகூட அடித்ததில்லை. ஓடியிருக்க வேண்டியவன்தான். ஆனால் திரையில் அந்த வரி நின்ற விதத்தில் கோபம் இல்லை. கடைசி பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் இது நம் பஸ் இல்லை என்று திரும்ப உட்கார்வதுபோல் இருந்தது. அவனுக்குப் பயத்துக்கு நடுவே பாவமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் எதற்கு முதலில் இடம் கொடுப்பது என்று தெரியாமல், 'உதவி மாற்றாள்' என்று அடித்தான்.

மாற்றாள்: வருகிறேன் என்று சொன்னவர். எடுத்துக்காட்டு: இறங்கு மாற்றாள் துரைராஜ். குறிப்பு: அவசரமில்லை என்று சொல்லவும். நான் இருக்கிறேன்.

போனில் துரைராஜ் எடுத்த எடுப்பிலேயே, "முடிச்சிட்டியா?" என்றார்.

"இல்ல சார். நீங்க வரணும்."

"நான் எதுக்குய்யா? எனக்கு அதுல ஆன் பண்ணவே தெரியாது."

"உதவில கேட்டேன் சார். உங்க பேரு வருது."

"என் பேரா? எதுக்கு வருது?"

"வரேன்னு சொன்னீங்களாம்."

"யாரு சொன்னது?" என்றார் துரைராஜ். அவர் குரல் அவருடையது மாதிரி இல்லை. "அது எனக்கும் அவனுக்கும்தானே தெரியும்."

"அவசரமில்லன்னும் சொல்லச் சொன்னாரு சார்."

துரைராஜ் வந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. எப்போதும் மாடிப்படியிலேயே அதட்டிக்கொண்டு வருபவர், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் வந்தார். திரையைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். மாறவில்லை.

"ரெண்டு ஷிப்டா ஒக்காந்திருந்தான். நெஞ்சு ஒரு மாதிரி பண்ணுது, ஆள அனுப்புங்கன்னான்" என்றார், திரையைப் பார்த்தபடியே. "ஆளு எங்க இருக்கு? எல்லாத்தயும் கொறச்சிட்டேனே. நானே வரேன், நீ இருன்னுட்டேன். சேத்தியாத்தோப்புல கல்யாணம். பந்தி ஓடிக்கினு இருந்துச்சு. சாப்ட்டு வரலாம்னு…" கேலி செய்ய எவ்வளவோ இடம் கொடுத்த மனிதர்தான். இப்போது அறிவழகன் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டான்.

"ஒக்காருங்க சார்."

"நாற்காலிலயா?"

"அதுதான் சார் முறை."

துரைராஜ் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார், பந்தியில் இடம் பிடிப்பவர் மாதிரி இல்லை, பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிடக் காத்திருப்பவர் மாதிரி. அறிவழகன் குனிந்து, 'இறங்கு மாற்றாள் துரைராஜ்' என்று அடித்தான்.

துரைராஜ் வந்துவிட்டார் என்று எழுதியது திரை. பிறகு, ஷிப்ட் மாறும்போது போகிறவர் வருகிறவரிடம் சொல்வதுபோல, ஒவ்வொன்றாக எழுதியது. மட்டம் எங்கும் ஏறவில்லை. கம்மாபுரம் மீட்டர் வெயிலில் கொஞ்சம் கூட்டிச் சொல்லும், மாலையில் சரியாகிவிடும். நாற்காலி இடப்பக்கம் சாயும், சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொள்ளவும். குடிக்கத் தண்ணீர் பிடித்து வைக்க முடியவில்லை, மன்னிக்கவும்.

கலியமூர்த்தி இறங்கினார்.

அறையில் எதுவும் நடக்கவில்லை. விளக்கு மினுக்கவில்லை, காற்று வீசவில்லை. கீழே மட்டும் செல்வகுமார் யாரிடமோ, "கெளம்பிட்டீங்களாண்ணே? போய்ட்டு வாங்க" என்று சொல்வது கேட்டது. மாடியிலிருந்து இறங்குவதற்கு அந்தக் கடையை ஒட்டி ஒரே படிதான். அறிவழகன் எட்டிப் பார்க்கவில்லை. எட்டிப் பார்ப்பதில்லை என்று முடிவெடுத்து, இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டான்.

புதுப் பெட்டி உயிர் பெற்றது. ஒன்றன்பின் ஒன்றாக எல்லா மீட்டரும் அதற்குப் பதில் சொல்லின. துரைராஜ் ரிலீவிங் ஆர்டரில் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிவிட்டு எழுந்தார்.

பழைய கம்ப்யூட்டரின் திரையில், பணியில்: துரைராஜ் என்று இருந்தது. அவர் எழுந்ததும் அதன் கீழே ஒரு வரி வந்தது. மாற்றாள் இல்லை.

"இனிமே இதுக்கு வேல இல்ல சார். எல்லாம் புதுசுல ஓடுது. நீங்க போலாம்" என்றான் அறிவழகன்.

"போலாம்ல?"

"தாராளமா."

துரைராஜ் வாசல்வரை போனார். யாரும் அவரைப் பிடித்து இழுக்கவில்லை. கதவும் திறந்தேதான் கிடந்தது. நிலைப்படியில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு திரும்பி வந்து, நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஆளு வரட்டும்" என்றார்.

அதற்குப் பிறகு போனை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். மச்சானைக் கூப்பிட்டார், ஃபீல்டு பையன்களைக் கூப்பிட்டார், பழைய ஆபரேட்டர் ஒருவரைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டார். ஒருவர்கூட மறுக்கவில்லை. "தோ, வந்துடறேண்ணே" என்றார்கள் எல்லோரும். அந்தப் பதிலைக் கேட்கக் கேட்க அவர் முகம் சின்னதாகிக்கொண்டே போனது. சாயங்காலச் சங்கு ஊதியது. ஷிப்ட் முடிந்த பஸ்கள் ஆட்களைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போயின. மாடிப்படியில் யாரும் ஏறவில்லை.

அறிவழகன் வெளிப்பக்கம் போய்க் காந்திமதிக்குப் போன் போட்டான். எப்படிச் சொல்வது என்று மூன்று விதமாக ஒத்திகை பார்த்திருந்தான். அவள் எடுத்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

"அக்கா, அண்ணன் எறங்கிட்டாருக்கா."

"தெரியும் தம்பி" என்றாள் அவள் மெதுவாக. பக்கத்தில் தட்டில் கரண்டி படும் சத்தம் கேட்டது. "சாப்ட்டுக்கினு இருக்காரு."

போனை வைத்துவிடலாம் என்று நினைத்தான். வைக்க முடியவில்லை. அவள் போனைப் பொத்திக்கொண்டு யாரிடமோ ஏதோ கேட்டுவிட்டுத் திரும்ப வந்தாள்.

"தம்பி, அங்க ஒக்காந்திருக்கறவரு சாப்ட்டாரான்னு கேக்கச் சொல்றாரு."

கடைத்தெருவில் தயிர்சாதம் ஒரு பொட்டலமும் ஒரு தண்ணீர் பாட்டிலும் வாங்கிக்கொண்டு அவன் மாடியேறினான். துரைராஜ் பொட்டலத்தைப் பிரித்து, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சாப்பிட்டார். ஊறுகாயைப் பாதி இலையிலேயே விட்டுவிட்டார். கை கழுவ எழுந்து போகவில்லை. அறிவழகன் பாட்டிலைச் சாய்த்து, ஜன்னலோரமாக அவர் கையில் தண்ணீர் ஊற்றினான்.

ஓசூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ரிலீவிங் ஆர்டரை மடித்துப் பையில் வைத்தான். இங்கே இன்னும் ஒரே ஒரு நாள் இருந்தால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. கட்டளை மிகவும் எளிது, எழுதும் முறையும் இப்போது அவனுக்குத் தெரியும். ஆனால் ஒரு நாள் கழித்து அவனை மாற்றிவிட யார் வருவார்? அந்த யோசனையோடு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான்.

"கெளம்பிட்டியா?" என்றார் துரைராஜ், திரும்பாமல். "எப்ப வருவ?"

இந்த ஊரில் யாரும் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. வரேன் என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். பிறந்ததிலிருந்து சொல்லிச் சொல்லிப் பழகிய சொல் அவன் நாக்கு நுனிவரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டான்.

"தண்ணி பக்கத்துலயே இருக்கு சார்" என்றான்.

பிறகு ஒன்றும் சொல்லாமல் படியிறங்கினான்.